சொட்டுநீர்க் குழாய்ல வெள்ளையாப் படிவு, ஆசிட் எவ்வளவு விடறது?

பெருந்துறை விவசாயி: மஞ்சக் காட்டுல 16 எம்எம் லேட்டரல் (செடி வரிசையோட ஓடற குழாய்), மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் (சொட்டு விடற முனை). போர் தண்ணி உப்புங்க. கடைசி வரிசை நனையறதே இல்ல.

பல்லடம்: தண்ணிக்குத் தண்ணி அளவு மாறுங்க. 10 லிட்டர் போர் தண்ணில ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்தி, பிஎச் தாள் (புளிப்ப அளக்கற தாள்) 4 காட்டற அளவக் குறிச்சுக்கங்க. அதே விகிதத்துல வெஞ்சுரி (கரைசல உறிஞ்சிக் குழாய்த் தண்ணில கலக்கற கருவி) வழியா விடுங்க. கடைசி டிரிப்பர்லயும் 4 வந்ததும் மோட்டார நிறுத்தி, 24 மணி நேரம் கழிச்சு எண்ட் கேப்பக் (குழாய்க் கடைசி மூடிய) கழட்டி அலசி விடுங்க. தண்ணிலதான் ஆசிட்ட ஊத்தணும், மாத்தினா தெறிக்கும்.

கோபி: அதுக்கு முன்னாடி கடைசி டிரிப்பருக்கடில போசி வைங்க, 15 நிமிசத்துல 1 லிட்டர் விழணும். பில்டருக்கு முன்னயும் பின்னயும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோவுக்கு மேல வித்தியாசப்பட்டா அடைப்பு பில்டர்லதான், ஆசிட் செலவு தண்டம்.

பல்லடம்: ஆமாங்க. பிளீச்சிங் பவுடர ஆசிட்டோட சேத்தறாதீங்க, குளோரின் வாயு கெளம்பும்.