இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிளை ஸ்கௌட் ரைஃபிளாக மாற்றுவது பற்றி ஆலோசனை தேவை

ஆஸ்டின்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் டெக்சாஸில் வசிக்கிறேன். கிரீன் கார்டு கிடைத்தபின் முறைப்படி ஒரு வேட்டை ரைஃபிள் வாங்கி, நண்பர் ஒருவரின் பண்ணையில் பயிரை உழுது நாசமாக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடச் சென்று வருகிறேன். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் 1980-களின் தொடக்கத்தில் முன்வைத்த ஸ்கௌட் ரைஃபிள் (குட்டையான, எடை குறைந்த, பல வேலைக்கும் உதவும் ரைஃபிள்) என்ற கருத்தைப் படித்ததிலிருந்து, அப்படி ஒன்றைக் கடையில் வாங்காமல், ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைஃபிள் ஒன்றிலிருந்து உருவாக்க வேண்டும் என்ற ஆசை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில், இந்தியாவில் செய்த ராணுவ ரைஃபிளான இஷாப்பூர் 2ஏ1 இரண்டு உள்ளன. ஒன்று மரக்கட்டை முதல் மூக்கு மூடி (முன்கட்டையின் முனையில் உள்ள உலோக உறை) வரை எல்லாம் அப்படியே உள்ள முழு ரைஃபிள். மற்றொன்றின் முன்கட்டையை யாரோ எப்போதோ பாதியில் அறுத்து, வேட்டை ரைஃபிள்போல் வார்னிஷ் பூசி வைத்திருக்கிறார்கள். விலை கணிசமாகக் குறைவு. குழலை 20 அங்குலத்துக்குக் குறைத்து, ஸ்கோப்பை முன்னால் தள்ளிப் பொருத்தி, கட்டையை மாற்றுவது என் திட்டம். எந்த ரைஃபிளை வாங்குவது நல்லது? குழலைக் குறைத்தால் குறி தவறுமா? கடைகளில் கிடைக்கும், ராணுவத்தின் 7.62 நேட்டோ தோட்டாவை ஒத்த .308 தோட்டாக்களை இதில் சுடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய இரும்பு:

வணக்கம் நண்பரே. முதல் கேள்விக்கு எனக்குத் தயக்கமே இல்லை: அறுபட்டதை வாங்குங்கள். 1990-களில் இந்த ரைஃபிள்கள் அமெரிக்காவில் குவிந்து கிடந்தபோது யாரும் இவற்றை மதிக்கவில்லை. ஆளாளுக்கு ரம்பத்தை எடுத்தார்கள். அந்தக் குவியல் தீர்ந்துவிட்டது. முழுமையாக மிஞ்சியிருப்பதை இனி அறுப்பவர், தம் கைப்பணத்தையே அறுக்கிறார். 50 ஆண்டுகளைக் கடந்த ரைஃபிளுக்கு இந்நாட்டுக் கூட்டரசுச் சட்டத்தில் சேகரிப்புப் பொருள் என்ற தனித் தகுதி உண்டு என்பதும், அந்தத் தகுதி அது மூல வடிவில் இருக்கும்வரைதான் நிற்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த ரைஃபிளைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளைக் கடைந்து 7.62-க்கு மாற்றியதுதான் 2ஏ1 என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1962 சீனப் போருக்குப் பின், நேட்டோ அளவுத் தோட்டாவுக்கென்றே, வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்யப்பட்டவை இவை. வடிவம் மட்டுமே முதல் உலகப் போர்க் காலத்து லீ-என்ஃபீல்டான நம்பர் 1 மார்க் 3. போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் தண்டு) கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து சேரும் வளையத்தின் வலப்பக்கத்தைப் பாருங்கள்: பிரிட்டிஷ் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம், அதன் கீழ் ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்), ஆண்டு, ரைஃபிளின் பெயர் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பொறிப்பு தேய்க்கப்பட்டிருந்தாலோ அதன்மேல் புதிதாக மெருகு ஏற்றப்பட்டிருந்தாலோ, முன்பு வைத்திருந்தவர் அரத்தை வேறு எங்கெல்லாம் ஓட்டினார் என்று சந்தேகப்படுங்கள்.

.308 பற்றிய கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல இயலாது. நேட்டோ தோட்டாவுக்கு 50,000, .308-க்கு 62,000 என்று இரண்டு அழுத்த எண்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. முதல் எண் செம்பு உருளை நசுங்கும் அளவைக் கொண்டு கணித்தது, இரண்டாவது மின்னணு உணரியால் அளந்தது. ஆகவே அவற்றை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆனால் அதை வைத்து எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ராணுவத் தோட்டா அறை சற்றுத் தாராளமாகக் கடையப்பட்டது; .308-க்கான ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அறையின் தோளுக்கும் இடைப்பட்ட தூரம்) குறைந்தபட்சம் 1.630 அங்குலம், நேட்டோ அறைக்கு 1.635. அதற்கும் மேலாக, லீ-என்ஃபீல்டின் பூட்டுக் காதுகள் (சுடும்போது போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகள்) ஜெர்மன் மவுசர் ரைஃபிளைப்போல் போல்ட்டின் முன்முனையில் இல்லாமல் பின்பகுதியில் உள்ளன. வெடிக்கும் கணத்தில் முழு போல்ட்டும் ரிசீவரும் (போல்ட் இயங்கும் உடற்பகுதி) மயிரிழை அளவுக்கு அமுங்கி நீள்வதால், தோட்டாக் கூடு அடிப்பக்கத்தில் இழுபடும். ஒருமுறை சுட்ட கூட்டை மறுபடி மறுபடி நிரப்பிச் சுடுபவர்களுக்கு அந்த இழுபட்ட வளையத்தில்தான் கூடு இரண்டாகப் பிரியும். எனவே பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கேஜ் என்ற அளவுகருவி போட்டு அளக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் அதற்கு ஒப்பவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். அதிலும் பிற்கால லீ-என்ஃபீல்டான நம்பர் 4 ரைஃபிளுக்கு இருப்பதுபோல் எண்ணிட்ட போல்ட் தலைகள் இதற்கு இல்லை. தேய்ந்திருந்தால் ஒரு படி பெரியதை மாட்டிச் சரிசெய்துகொள்ளும் வசதி கிடையாது.

அளவுக்கு வருவோம். கூப்பர் விதித்த வரம்பு ஒரு மீட்டர் நீளம், மூன்று கிலோ எடை; மூன்றரைக்கு மேல் போகவே கூடாது என்றார். 2ஏ1-இன் மொத்த நீளம் 44.5 அங்குலம், குழல் ஏறத்தாழ 25 அங்குலம், எடை நாலரைக் கிலோவுக்கும் மேல். குழலை 20-க்குக் குறைத்தால் நீளம் மட்டாக ஒரு மீட்டரில் வந்து நிற்கும். உங்கள் கணக்கு சரி. எடை மட்டும் இறங்க மறுக்கும். மரத்தை நீக்கி நெகிழிக் கட்டை மாட்டினாலும், ஸ்கோப்பும் தாங்கியும் ஏறியவுடன் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். மூன்றரைக் கிலோ என்பதை மறந்துவிட்டால்தான் இந்தத் திட்டத்தில் மகிழ்ச்சி உண்டு. 20 அங்குலத்தில் சட்டச் சிக்கல் இல்லை. 16 அங்குலத்துக்குக் கீழ் குழலோ 26 அங்குலத்துக்குக் கீழ் மொத்த நீளமோ போனால்தான் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டிவரும்.

குழலைக் குறைத்தாலே குறி கெட்டுவிடும் என்பது உண்மையல்ல. வெட்டிய முனையைக் கடைசல் எந்திரத்தில் வைத்துத் துளைக்குச் செங்குத்தாக முகம் சீவத் தெரிந்தவர் செய்தால் போதும். இந்த ரைஃபிளில் குறியைக் கெடுப்பது மரத்தை அறுப்பதுதான், அதைப் பலர் அறிவதில்லை. இதன் மெல்லிய குழல் தன்னந்தனியாக நிற்கும்படி வடிவமைக்கப்பட்டதல்ல. நடுவில் ஓர் உள்வளையமும் வில் வைத்த திருகும் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. மூக்கு மூடிக்குள் இன்னொரு சிறிய வில் அதை மேலே தள்ளுகிறது. உதைப்பை வாங்குவது ரிசீவரின் பின்பக்கம் முன்கட்டையின் உட்புறத்தில் இருபுறமும் உள்ள, கட்டைவிரல் நகத்தளவு மரப் பரப்புகள். முன்கட்டையைப் பாதியில் அறுத்தவர் அந்த ஏற்பாட்டில் முக்கால்வாசியைக் குப்பையில் போட்டுவிட்டார். நீங்கள் பார்த்த ரைஃபிளின் முன்கட்டையைக் கழற்றி அந்த இரு பரப்புகளும் நசுங்கியோ எண்ணெய் ஊறிக் கறுத்தோ உள்ளனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் முதல் செலவு ஸ்கோப்புக்கு அல்ல, அந்த மரத்துக்குத்தான்.

வடதிசை:

பழைய இரும்பு அவர்கள் சொன்ன தொழில்நுட்ப விவரங்களில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ராணுவ ரைஃபிளை மாற்றுவதையே பாவமாகப் பார்க்கும் போக்கில் ஒருபோதும் உடன்பாடு இருந்ததில்லை. படைகளே இதைத்தான் காலங்காலமாகச் செய்திருக்கின்றன. ஃபின்லாந்து தன் மோசின்-நாகான்ட் ரைஃபிள்களுக்கு ரிசீவர் வார்த்ததே இல்லை. ஜார் காலத்து ரஷ்ய ரிசீவர்களை எடுத்துப் புதிய குழலும் புதிய கட்டையும் மாட்டி எம்/39 வரை கொண்டுவந்தார்கள். அதோடு விட்டார்களா? 1980-களில் டிகேஐவி 85 என்ற குறிபார்ப்போர் ரைஃபிளையும் அதே பழைய ரிசீவர்களின் மேல்தான் கட்டினார்கள்.

இந்தியாவிலேயே காவலர்களுக்காக .303 ரைஃபிளின் குழலை வழவழப்பாகக் குடைந்து, தோட்டாப் பெட்டி இருந்த இடத்தை மரத்துண்டால் அடைத்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே போடும் .410 மஸ்கெட்டாக மாற்றியிருக்கிறார்கள். அதைவிட விசித்திரமான மாற்றத்தை நாம் யாரும் வீட்டுப் பட்டறையில் யோசித்துவிட முடியாது. அந்த மஸ்கெட்டுகளும் மலிவு விலையில் அமெரிக்காவுக்கு வந்தன, அவற்றின் அறை .303 கூட்டின் அளவிலேயே இருப்பதால், கடையில் விற்கும் .410 தோட்டா அதில் சரியாக இறங்காது என்பதை வாங்கிய பிறகு அறிந்தவர்கள் உண்டு.

மாற்றவே கூடாத ரைஃபிள்களும் இருக்கின்றன. அதற்குக் காரணம் வரலாறு அல்ல, எஃகு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலை செய்த 1903 ரைஃபிளில் வரிசை எண் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டு செய்ததில் 2,85,507-க்குக் கீழும் உள்ளவற்றைத் தொடாதீர்கள். எஃகு காய்ந்த பதத்தைத் தொழிலாளர்கள் கண்ணால் நிறம் பார்த்தே முடிவுசெய்த காலத்துச் சரக்கு அது. சில ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடேறி, நொறுங்கும் தன்மை அடைந்துவிட்டன. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று அதன்மேல் புதுக் குழல் மாட்டுவது தற்கொலைக்குச் சமம்.

கோவைக்காரன்:

இதை இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, துப்பாக்கிக் குழலைக் குறைப்பதற்கே தனி உரிமம் வேண்டும்; துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. மேலும் .303, 7.62 ஆகிய ராணுவ அளவுகள் இங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. அதனால்தான் இஷாப்பூர் அதே லீ-என்ஃபீல்டு இயக்கத்தின் மேல் .315 அளவில் விளையாட்டு ரைஃபிள் ஒன்றைச் செய்து உரிமதாரர்களுக்கு விற்று வந்தது. அதன் தோட்டா பழைய ஆஸ்திரிய 8 மி.மீ. மான்லிக்கர், படைக்கிடங்கில் இல்லாத தோட்டா என்பதே அதன் தகுதி. எங்கள் தாத்தாவிடம் இருந்தது, தோட்டத்தில் பன்றி விரட்ட. ஆஸ்டின் நண்பர் சுடுவதும் பன்றியைத்தான் என்று படித்தபோது சிரிப்பு வந்தது.

ஆஸ்டின்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று கடைக்குச் சென்று முன்கட்டையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன்; பழைய இரும்பு ஐயா சொன்ன இரண்டு பரப்புகளில் இடப்பக்கம் நன்றாக இருக்கிறது, வலப்பக்கம் எண்ணெய் ஊறிப் பஞ்சுபோல் அமுங்குகிறது. கேஜ் போட்டு அளக்கக் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். அளவு சரியாக வந்தால், மரத்தைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்ல எண்ணியிருக்கிறேன். குழலை இப்போதே வெட்டாமல், ஸ்கோப்பை மட்டும் முன்னால் பொருத்திச் சில மாதம் பயன்படுத்திப் பார்க்கலாமா? பின்கட்டை எனக்குச் சற்று நீளமாகத் தோன்றுகிறது. அதையும் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய இரும்பு:

நல்ல முடிவு. ரியர் சைட்டை (குழல்மேல் உள்ள பின் குறிகாட்டியை) கழற்றிவிட்டு அதே இடத்தில், எங்கும் துளையிடாமல் பொருத்தக்கூடிய தாங்கிகள் விற்பனைக்கு உள்ளன. பிடிக்கவில்லை என்றால் பழைய சைட்டைத் திரும்ப மாட்டிவிடலாம். ஸ்கோப் கண்ணிலிருந்து ஒன்பது பத்து அங்குலம் தள்ளி வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரண வேட்டை ஸ்கோப்பை அங்கே வைத்தால் ஊசித்துளை வழியே பார்ப்பதாகத்தான் இருக்கும். இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கம் போதும். இந்த ஏற்பாட்டின் உண்மையான பயன், ரிசீவரின் மேல்வாய் திறந்தே இருப்பதால் கிளிப்பிலிருந்து ஐந்து தோட்டாக்களையும் ஒரே அழுத்தில் இறக்கிவிடலாம் என்பது. பன்றிக் கூட்டம் சிதறி ஓடும்போது அதன் அருமை தெரியும்.

வலப்பக்க மரத்துக்கு, ஊறிய பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டுக் கடின மரத்துண்டு ஒன்றை எப்பாக்ஸியில் ஒட்டி, இடப்பக்கத்துக்கு நிகராக உரசும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பொருத்த வேண்டும். ரிசீவரில் விளக்குக் கரியைத் தடவிப் பொருத்திப் பார்த்தால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது மரத்தில் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒருசேரப் படாமல் சுட்டால், நல்லதாக இருக்கும் இடப்பக்கமும் பிளக்கும்.

பின்கட்டையைக் கழற்றுவதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். அதன் உள்ளே செல்லும் நீண்ட திருகாணியின் முனை சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் பின்முனையில் உள்ள ஒரு சிறிய தகட்டில் போய் அமர்ந்திருக்கும். முன்கட்டையை முதலில் கழற்றாமல் பின்பக்கத்திலிருந்து திருப்புளியைப் போட்டுத் திருகினால், அந்தச் சதுர முனை சுழன்று முன்கட்டையை உள்ளிருந்தே பிளந்துவிடும். திரும்ப மாட்டும்போதும் சதுரத்தின் பக்கங்கள் தகட்டுக்கு நேராக நிற்கும்படி திருகாணியை நிறுத்திய பிறகே முன்கட்டையை ஏற்றுங்கள்.