தோட்ட நோட்டு மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுகிறது, எழுதியதும் உதவவில்லை

தொட்டிச்செடி:
வணக்கம். தோட்டத்துக்கென்று ஒரு நோட்டு போட்டு எழுதுவது இது மூன்றாவது முயற்சி. ஆரம்பத்தில் நாள் தவறாமல் எழுதுகிறேன், மூன்று வாரம் போனால் கை ஓய்ந்துவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. இப்போது தக்காளிக் காய்களின் அடிப்பக்கம் கறுத்து, குழிந்து, தோல் மாதிரி ஆகிறது. போன பருவத்திலும் இப்படி வந்ததாக ஞாபகம். எந்தத் தொட்டியில், எப்போது என்று பழைய நோட்டைப் புரட்டினால் ஒன்றும் இல்லை. இந்தப் பருவத்து நோட்டிலும் அதே கதைதான். நான் எதை எழுதாமல் விடுகிறேன்? செயலி ஏதாவது போட்டுக்கொண்டால் சரியாகுமா?

மண்வெட்டி:
இந்தப் பருவத்து நோட்டிலிருந்து பத்து நாளை அப்படியே எடுத்துப் போடுங்கள். திருத்த வேண்டாம்.

தொட்டிச்செடி:
வெட்கமாகத்தான் இருக்கிறது. சரி:
2: தண்ணீர் விட்டேன்.
3: தண்ணீர் விட்டேன். களை எடுத்தேன்.
4: தண்ணீர். தக்காளி நன்றாக இருக்கிறது.
5: தண்ணீர்.
6: காலையில் ஊருக்குக் கிளம்புகிறோம். சாவி பக்கத்து வீட்டில்.
11: வந்தாச்சு. செடியெல்லாம் தொங்கிப் போயிருந்தது. இரண்டு வேளையும் நிறையத் தண்ணீர்.
12: தண்ணீர் விட்டேன்.

மண்வெட்டி:
கறுப்பை முதலில் பார்த்தது எப்போது?

தொட்டிச்செடி:
22 அல்லது 23 இருக்கும். எழுதி வைக்கவில்லை.

மண்வெட்டி:
உங்கள் நோட்டு உதவவில்லை என்று யார் சொன்னது? சாவி கொடுத்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. இதைப் பூ நுனி அழுகல் என்பார்கள். பூச்சியோ கிருமியோ காரணமில்லை. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். ஐந்து நாள் காய்ந்து, அப்புறம் ஒரேயடியாக நனைந்தால், மண்ணில் சத்து இருந்தாலும் வளர்கிற பிஞ்சின் நுனிக்குப் போய்ச் சேராது. பிஞ்சு அடிபடுவது ஒரு நாள், கறுப்பு கண்ணில் படுவது பல நாள் கழித்து. அதனால்தான் நமக்கு இரண்டும் சம்பந்தமில்லாதது போலத் தெரிகிறது. தேதி எழுதியிருந்தால் பக்கத்தைப் பின்னால் புரட்டினாலே போதும்.

கறுத்த காய் இனித் தேறாது, பறித்துவிடுங்கள். மண்மேல் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டு, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி தண்ணீர் விடுங்கள். சுண்ணாம்பை அள்ளிப் போட அவசரப்பட வேண்டாம்.

பழைய கை:
நோட்டு ஏன் நிற்கிறது என்பதற்கும் அந்தப் பத்து நாளே பதில். தினமும் செய்கிற வேலையை எழுதினால் எழுதுகிறவருக்கும் அலுப்பு, பின்னால் படிக்கிறவருக்கும் அலுப்பு. தண்ணீர் விட்டதை எழுதாதீர்கள், விடாத நாளை எழுதுங்கள். முளைத்த நாள், நாற்றைப் பிடுங்கி நட்ட நாள், முதல் பூ, முதல் காய், முதல் பூச்சி, திடீர் மழை: மாறியதற்கு மட்டும் ஒரு வரி. “நன்றாக இருக்கிறது” என்பதை வைத்து என்ன செய்வது? “3ஆம் தொட்டி, முழங்கால் உயரம், முதல் பூங்கொத்து” என்றிருந்தால் அடுத்த பருவத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இடைவெளி விழுந்தால் தோல்வி என்று நினைத்துப் புது நோட்டு வாங்காதீர்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1766 மார்ச் 30 அன்று தன் தோட்டக் குறிப்பைத் தொடங்கினார். ஊதா ஹயசிந்த் பூக்கத் தொடங்கியது என்பதுதான் முதல் வரி. அன்று தண்ணீர் விட்டாரா என்று அதில் இல்லை! நடுநடுவே விட்டுவிட்டுத்தான், 1824 வரை எழுதினார்.

கொடிப்பந்தல்:
செயலி பற்றிக் கேட்டீர்கள். நான் போனில் படம் மட்டும் எடுக்கிறேன், வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று. தேதி தானாக விழுந்துவிடும். எழுத்து தனி.

பழைய கை:
படம் சரி. ஆனால் கையெல்லாம் சேறாக இருக்கும்போது யார் போனைத் தொடுவது? தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஓர் ஆணியில் நோட்டையும் பென்சிலையும் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும், பென்சில் நிற்கும்.

விதைப்பெட்டி:
நடந்ததை எழுதுவது பாதி. முன்பக்கத்தில் ஒரு படம் போடுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் போதும். எந்தத் தொட்டியில், எந்தப் பாத்தியில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். தக்காளி, கத்திரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். தக்காளி எடுத்த மண்ணிலேயே கத்திரியை வைத்தால், மண்ணில் தங்கிய நோய்க்கும் வேர்முடிச்சுப் புழுவுக்கும் மறுபடி விருந்துதான். அந்த இடத்துக்கு இந்தக் குடும்பம் திரும்பி வர மூன்று வருடமாவது போகட்டும் என்பார்கள். படம் இல்லாமல் மூன்று வருடத்தை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

விதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்தில் வீரியம் இழந்துவிடும், தக்காளி விதை நான்கு வருடம் தாங்கும். சந்தேகம் என்றால் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்து, முளைத்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக்கு நான்குதான் என்றால் நெருக்கி விதைக்க வேண்டும், அல்லது புது விதை வாங்க வேண்டும்.

தொட்டிச்செடி:
எல்லோருக்கும் நன்றி. பழைய நோட்டை மறுபடி பார்த்தேன். போன பருவத்திலும் “நான்கு நாள் கல்யாண வேலை” என்று ஒரு வரி இருக்கிறது. தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று தாண்டிப் போயிருக்கிறேன். ஆணி அடித்தாயிற்று. இன்றைய வரி இது:
27: 3ஆம் தொட்டி, அடி கறுத்த காய் 4, பறித்துவிட்டேன். மேலே பிஞ்சு 6, கறுப்பு இல்லை. மூடாக்கு போட்டேன்.

மண்வெட்டி:
அந்த ஆறு பிஞ்சும் என்ன ஆகிறது என்று பத்து நாள் கழித்து வந்து சொல்லுங்கள்.