மறு: [கலைச்சொல்] ஃபிஷிங் பயிற்சிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள ஐயா, அக்கா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> துகள் இயற்பியல் மாணவர் கையேட்டில் கணினிப் பாதுகாப்புப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் தன் ஆட்களுக்கே ஃபிஷிங் மடல் போலச் செய்து அனுப்பிப் பழக்குகிறதே, அதற்கு ‘போலி ஃபிஷிங் சோதனை’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். சரியா?

அக்கா, அவசரப்பட்டு அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். ‘போலி’, ‘சோதனை’ இரண்டுமே இந்த இடத்தில் உதைக்கின்றன.

ஃபிஷிங் மடலே போலிதான். வங்கி அனுப்பியது போல, அலுவலகம் அனுப்பியது போல வேடம் போட்டு, கடவுச்சொல்லையோ பணத்தையோ பறிக்க வருவது. அதற்கு முன்னால் இன்னொரு ‘போலி’யைச் சேர்த்தால் படிக்கிற மாணவர் எது எதற்குப் போலி என்று குழம்புவார். ‘சோதனை’யில் சிக்கல் இன்னும் பெரிது. இதே கையேட்டில் செர்னின் பெரிய துகள் ஆய்வுகளான அட்லஸ், சிஎம்எஸ், ஆலிஸ், எல்எச்சிபி நான்கையும் ‘சோதனைகள்’ என்றுதானே எழுதியிருக்கிறோம்? ‘சிஎம்எஸ் சோதனையில் ஈடுபட்டவர்களுக்கான சோதனை’ என்று ஒரு வரி வந்தால் என்ன ஆகும்! அது போக, நம் ஊரில் சோதனை என்றால் வருமானவரிச் சோதனை, வாகனச் சோதனை. யாரோ வருகிறார்கள், குற்றம் தேடுகிறார்கள் என்ற நினைப்புதான் முதலில் எழும்.

> ‘வலைவீச்சுச் சோதனை’ எனலாம். வலையில் சிக்குதல் மக்கள் வழக்கில் உள்ளது.

ஐயா, வழக்கு என்பது சரிதான். ஆனால் ‘வலை’யை நாம் ஏற்கெனவே வலைத்தளம், வலைப்பக்கம், வலைப்பதிவு என்று கொடுத்துவிட்டோம். அந்த வலை பிறந்ததே செர்னில், 1989இல். அதைச் சொல்லும் கையேட்டில் இன்னொரு வலையையும் வீசினால் இடிக்கும். அதோடு, ‘போலீசார் வலைவீசித் தேடுகின்றனர்’ என்று நாளிதழ்களில் படித்துப் படித்து, வலை வீசுபவர் நல்லவர் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. ‘பொறி’யையும் யோசித்துப் பார்த்தேன். பொறியாளரும் துகள்பொறியும் நிறைந்த இடத்தில் அதற்கு மூச்சு முட்டும்.

சொல்லைத் தேடுவதற்கு முன், அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செர்னின் கணினிப் பாதுகாப்புக் குழு, ஆய்வகத்தின் மின்னஞ்சல் பயனர்களுக்கு அவ்வப்போது ஃபிஷிங் மடல் போலவே ஒரு மடலை அனுப்பும். அனுப்புநர் முகவரி கொஞ்சம் பிசகியிருக்கும், விளிப்பில் பெயர் இருக்காது, ‘இன்றைக்குள் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும்’ என்ற அவசரம் இருக்கும். இணைப்பைச் சொடுக்கினால் ‘இது எங்கள் பயிற்சி, இன்னின்ன அடையாளங்களைக் கவனித்திருக்கலாம்’ என்று விளக்கும் பக்கம் திறக்கும். இப்படிச் செய்கிறோம் என்பதை அவர்கள் மறைப்பதில்லை. ஆய்வகத்தின் செய்தி இதழிலேயே வெளிப்படையாக எழுதுகிறார்கள். எந்த நாள், என்ன மடல் என்பது மட்டும்தான் பயனருக்குத் தெரியாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்களில் ஒன்றைக் கையேட்டில் கட்டாயம் படமாகப் போடுங்கள் அக்கா. செர்னின் தளங்கள் ‘செர்ன்.சிஎச்’ என்றோ, ‘ஹோம்.செர்ன்’ போல வெறும் ‘.செர்ன்’ என்றோ முடியும். ஏமாற்றுபவர் ‘லாகின்.செர்ன்.சிஎச்’ என்று தொடங்கி, அதன் பின்னால் ஒரு புள்ளி வைத்து, தன் தளத்தின் பெயரை ஒட்டிவிடுவார். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண், முதலில் ‘செர்ன்’ தென்பட்டதும் நம்பிவிடுகிறது. தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்த சாய்கோடு எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். கடைசியில் நிற்கும் பெயர்தான் அந்தத் தளத்தின் உரிமையாளரைக் காட்டும். பத்தாம் வகுப்பு மாணவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிய வைத்துவிடலாம். பள்ளி மாணவர்கள், துகள்களை மோதவிடும் செர்னின் ஆட்ரான் மோதுவியின் (எல்எச்சி) உண்மைத் தரவையே அலசும் பன்னாட்டு மாஸ்டர்கிளாஸ் வகுப்புகளில் இதற்கும் ஒரு கால்மணி நேரம் ஒதுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒரு துகள் இயற்பியல் ஆய்வகம் இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது என்பதையும் கையேடு சொல்ல வேண்டும். செர்னுக்கு வந்து போகும் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதன் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டினர், தத்தம் பல்கலைக்கழகத்திலிருந்து சொந்த மடிக்கணினியோடு வருபவர்கள். வங்கி போலக் கதவை அடைத்துவிட்டு அங்கே ஆய்வு செய்ய முடியாது. மோதுவியின் தரவை அலசும் உலகளாவிய கணினிக் கட்டமைப்பில் 40க்கும் மேற்பட்ட நாடுகளில் 170 அளவுக்கு மையங்கள் இருக்கின்றன. கொல்கத்தாவின் விஇசிசி ஆய்வு மையம் ஆலிஸுக்காகவும், மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் (டிஐஎஃப்ஆர்) சிஎம்எஸ்ஸுக்காகவும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒருவரது நுழைவு விவரம் திருட்டுப் போனால் திருடன் ஒரு மையத்தோடு நிற்க மாட்டான்.

இந்தத் துறை அடிபட்டதும் உண்டு. 1989 அக்டோபரில் ஒரு கணினிப் புழு, நாசாவின் ஸ்பான் கணினிப் பிணையத்திலும் உயர் ஆற்றல் இயற்பியலாளர்களின் ஹெப்நெட் பிணையத்திலும் பரவியது. அது கையாண்ட வழிகளில் ஒன்று மிக எளிது: பயனர்பெயரையே கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்தது. பல இடங்களில் கதவு திறந்தது. 2008 செப்டம்பரில் ஆட்ரான் மோதுவியில் முதல் கற்றை சுற்றி வந்ததை உலகமே பார்த்துக்கொண்டிருந்த நாள்களில், சிஎம்எஸ்ஸின் கண்காணிப்பு வலைப்பக்கம் ஒன்றில் யாரோ புகுந்து கிரேக்க மொழியில் எழுதிவிட்டுப் போனார்கள். முடுக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2020 மே மாதம் எடின்பரோவின் ஆர்ச்சர் மீக்கணினியும் (சூப்பர் கம்ப்யூட்டர்) ஜெர்மனியின் பல மீக்கணினி மையங்களும் கதவை மூட வேண்டியதாயிற்று. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறையின் நுழைவு விவரங்களைத் திருடி வைத்துக்கொண்டு ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருந்தார்கள். அந்த மாதம் கல்வித்துறைக் கணினி மையங்களில் புகுந்த ஒரு கூட்டத்தின் நோக்கம் மறையீட்டு நாணயம் (கிரிப்டோ) தோண்டுவது.

இனி என் பரிந்துரை. ‘ஒத்திகை’.

தீயணைப்பு ஒத்திகை, வெள்ளத் தடுப்பு ஒத்திகை, சுனாமி ஒத்திகை எல்லாம் ஊருக்கே தெரிந்த சொற்கள். ஒத்திகையில் தவறினால் யாரும் யாரையும் தண்டிப்பதில்லை. தவறுவதற்கான இடமே அதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கணினி மையத்தில் இதே பயிற்சியை ‘டெஸ்ட்’ என்று அறிவித்தார்கள். சொடுக்கியவர்களின் பட்டியல் துறைத்தலைவரின் மேசைக்குப் போனது. சில வாரம் கழித்து உண்மையான ஃபிஷிங் மடல் வந்தபோது சொடுக்கிய ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதுகாப்புக் குழுவுக்கு விஷயம் தெரிவதற்குள் இரண்டு கணக்குகள் பறிபோயிருந்தன. சொடுக்கிய பத்தாவது நிமிடம் ‘தப்பாகச் சொடுக்கிவிட்டேன்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த முகவரியையே பிணையத்தில் தடுத்திருக்கலாம், கடவுச்சொற்களை மாற்றியிருக்கலாம். அந்த ஒரு தகவல்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தேவை. மக்களை வாயடைக்க வைக்கும் சொல்லைக் கையேட்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

ஃபிஷிங்குக்குத் ‘தூண்டில்’ போதும். ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்று குறளிலேயே (931) இரையின் ஆசை காட்டி இழுக்கும் பொருளில் வந்துவிட்டது. ‘தூண்டில் போட்டுப் பார்க்கிறான்’ என்பது இன்றும் பேச்சில் உண்டு. ‘மின்தூண்டில்’, ‘தூண்டில் மின்னஞ்சல்’ என்றெல்லாம் முன்னொட்டு வேண்டாம். குறுஞ்செய்தியிலும் வருகிறது, க்யூஆர் குறியீட்டிலும் வருகிறது, தொலைபேசியிலும் வருகிறது.

இரண்டையும் சேர்க்கும்போது தமிழ் நமக்கு ஒரு வசதி தருகிறது. மாற்றிப் போட்டால் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. ‘தூண்டில் ஒத்திகை’ என்பது பயிற்சி நிகழ்ச்சி. அதில் அனுப்பப்படும் ஒவ்வொரு மடலும் ‘ஒத்திகைத் தூண்டில்’. கையேட்டில் இரண்டுக்கும் தேவை இருக்கிறது.

ஐயாவின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்

————

அன்புத் தம்பிக்கு,

உங்கள் மடலை இருமுறை படித்தேன். ‘வலை’யை விட்டுவிடுகிறேன். ‘தூண்டில்’ நன்று.

ஆனால் ‘ஒத்திகை’யில் எனக்கு ஒரு தடை. நாடக ஒத்திகையில் நடிகர் அனைவருக்கும் அது ஒத்திகை என்று தெரியும். தீயணைப்பு ஒத்திகைக்கு மணியடித்து அறிவிப்பார்கள். இங்கோ, மடலைப் பெறுபவருக்கு அது தெரியாது. தெரிந்தால் பயிற்சியே இல்லை. தெரியாமல் செய்வதை ஒத்திகை என்பது சொல்லை நீட்டுவதாகாதா? தேர்தலில் ‘மாதிரி வாக்குப்பதிவு’ என்கிறோம். அதுபோல ‘மாதிரித் தூண்டில்’ என்றால் என்ன? அல்லது, உள்ளதை உள்ளபடி ‘மாறுவேடத் தூண்டில்’ என்றே சொல்லிவிடலாமே.

இன்னொன்று. சொடுக்கியவரைக் கையேட்டில் ‘ஏமாந்தவர்’ என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவும் மாற வேண்டும்.

வாழ்த்துகளுடன்

————

அன்புள்ள ஐயா,

தாங்கள் எழுப்பிய தடை நியாயமானது. அதற்கு விடை நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

மும்பைத் தாக்குதலுக்குப் பின் நம் கடலோரத்தில் ‘சாகர் கவச்’ நடத்துகிறார்கள். காவலர்களே தீவிரவாதி போல வேடமிட்டுப் படகில் வந்து ஊருக்குள் நுழையப் பார்ப்பார்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் உள்ளூர்க் காவல்துறையும் அவர்களைப் பிடிக்க வேண்டும். எந்தப் படகில், எந்தத் துறையில் வருவார்கள் என்பது பிடிக்க வேண்டியவர்களுக்குத் தெரியாது. மீனவர்களும் சந்தேகப்படும்படி எதையாவது கண்டால் தகவல் சொல்கிறார்கள். இதை நம் நாளிதழ்கள் ‘பாதுகாப்பு ஒத்திகை’ என்றுதான் ஆண்டாண்டாக எழுதுகின்றன. நடக்கும் என்பது தெரியும், எப்படி வரும் என்பது தெரியாது. செர்னில் நடப்பதும் அச்சாக அதுவே. ஆகவே சொல்லை நாம் நீட்டவில்லை. மக்கள் முன்பே நீட்டி வைத்திருக்கிறார்கள்.

‘மாதிரி வாக்குப்பதிவு’ முகவர்கள் கண்முன் குறைந்தது 50 வாக்குகளைப் பதிந்து, எந்திரம் சரியாக எண்ணுகிறதா என்று காட்டுவது. அங்கே பார்க்கப்படுவது எந்திரம். ‘மாதிரித் தூண்டில்’ என்ற சொல்லையும் வீணாக்க வேண்டியதில்லை. வகுப்பில் ‘இதோ பாருங்கள், இப்படித்தான் இருக்கும்’ என்று திரையில் காட்டும் மடல் இருக்கிறதே, அதற்கு வைத்துக்கொள்ளலாம். ‘மாறுவேடம்’ எல்லாத் தூண்டிலுக்குமே பொது. உண்மையான திருடனும் மாறுவேடத்தில்தானே வருகிறான்.

‘ஏமாந்தவர்’ கட்டாயம் போக வேண்டும். ‘சிக்கியவர்’, ‘விழுந்தவர்’ எதுவும் வேண்டாம். நடந்தது ஒரு சொடுக்கு, எனவே ‘சொடுக்கியவர்’. பாதுகாப்புக் குழுவுக்குச் சொன்னவர் ‘தகவல் தந்தவர்’. ஒருவரே இரண்டுமாக இருக்கலாம் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடச் சொல்கிறேன்.

அக்கா, செர்னின் பாதுகாப்பு முழக்கத்தை ‘நிறுத்துங்கள், சிந்தியுங்கள், சொடுக்காதீர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் பிழையில்லை, ஆனால் சுவரொட்டிக்கு நீளம். சாலையில் ‘நில் கவனி செல்’ பலகையைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? ‘நில் கவனி சொடுக்காதே’ என்று போடுங்கள். மூன்றாம் சொல்லில் பிள்ளைகள் சட்டென்று நிமிர்வார்கள். எதிர்பார்த்த ‘செல்’ அங்கே இருக்காது.

பதிவுக்கு நான் முன்வைக்கும் வாசகம் இது, திருத்துங்கள்:

தூண்டில்: நம்பத்தக்கவர் போல வேடமிட்டு, நுழைவு விவரங்களையோ பணத்தையோ பறிக்க அனுப்பும் மடல், குறுஞ்செய்தி, அழைப்பு. தூண்டில் ஒத்திகை: தூண்டிலை அடையாளம் காணவும் உடனே தகவல் தரவும் ஒரு நிறுவனம் தன் பயனர்களுக்கு முன்னறிவித்து, நாள் குறிப்பிடாமல் நடத்தும் பயிற்சி. ஒத்திகைத் தூண்டில்: அப்பயிற்சியில் அனுப்பப்படும் தீங்கற்ற மடல்.

‘முன்னறிவித்து’ என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். இப்படி ஒரு பயிற்சி உண்டு என்பதைக்கூடச் சொல்லாமல் ஆட்களை மடக்கிப் பார்ப்பதற்கு இந்தப் பெயர் போய்ச் சேரக் கூடாது. அதற்கு வேறு பெயர் தேடட்டும்.

‘நுழைவு விவரம்’ மட்டும் எனக்கு இன்னும் நிறைவாக இல்லை. கடவுச்சொல், எஸ்எஸ்எச் சாவி, கட்டமைப்புக்கான சான்றிதழ், டோக்கன் எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். ‘சான்று’ என்று தொடங்கினால் சான்றிதழோடு மோதுகிறது. இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன், ஐயா முதலில் எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்