நாகமரைப் பக்கத்து மீன்பிடிப் படகுக்கு எந்த அவுட்போர்டு மோட்டார்?

ஏரியூர் வாசி:
மேட்டூர் நீர்த்தேக்கத்தில், நாகமரைப் பக்கம் வலை விடுவதற்கு எங்கள் குடும்பத்தில் 18 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. கடற்கரை ஊரிலிருந்து பழையதாக வாங்கி வந்த படகு. மூன்று ஆட்கள், வலை, ஐஸ் பெட்டி, திரும்பும்போது கட்லாவும் ஜிலேபியும் சேர்ந்தால் நன்றாகவே அமிழ்ந்துவிடும். அதன் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டியிருந்த 8 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரின் சிலிண்டர் தேய்ந்துவிட்டதால் புதியது வாங்க வேண்டியிருக்கிறது. கடைசிக் காலத்தில், பாரத்தோடு எதிர்காற்றில் வரும்போது மோட்டார் இரைந்ததே தவிர படகு நகரவில்லை. அதனால் 9.9 அல்லது 15 எச்.பி. வேண்டும் என்கிறார் அப்பா. பெட்ரோல் செலவை நினைத்தால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம் பட்டறை:
தம்பி, அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது; ஆனால் 15 தேவையில்லை. மீன்பிடித் தொழிலுக்கென்றே வரும் டூ ஸ்ட்ரோக் வரிசையில் 9.9 எடுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் 8 எடுங்கள். வால்வு கிடையாது, கேம் கிடையாது, எஞ்சின் ஆயில் மாற்றும் வேலை கிடையாது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டரைப் பிரித்து ஊதினால் பாதிக் கோளாறு கரையிலேயே தீர்ந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாருக்கு ஏதாவது வந்தால் நம் மாவட்டத்தில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? உதிரிப் பாகத்துக்குக் கடற்கரை ஊருக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும், அதுவரை படகு கரையில் கிடக்கும்.

ஒரு எச்சரிக்கை. டூ ஸ்ட்ரோக்கில் பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயிலைக் கலக்காதீர்கள். அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரில் குளிரும் அவுட்போர்டில் கரி பிடிக்க வைக்கும். டி.சி.டபிள்யூ.3 என்று குறித்த ஆயிலை லிட்டருக்கு 20 மில்லி வீதம் அளந்து ஊற்றுங்கள், கண் அளவில் வேண்டாம். உங்கள் பழைய சிலிண்டர் தேய்ந்ததற்குக் கண் அளவே காரணமாக இருந்தாலும் வியப்பில்லை.

ஓசூர் பொறியாளர்:
பட்டறை ஐயாவின் ஆயில் அறிவுரையை முழுமையாக ஏற்கிறேன், மோட்டார் அறிவுரையை ஏற்க முடியவில்லை. எச்.பி.யை முடிவு செய்வதற்கு முன் இந்தப் படகு அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகும் என்று கணக்கிட வேண்டும். பாரம் ஏற்றிய படகு தண்ணீரின் மேல் எழும்பி ஓடுவதில்லை, பிளந்துகொண்டு நகர்கிறது. அப்படி நகரும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்வதால் அதற்கு ஒரு வேக வரம்பு உண்டு. நீர்மட்டத்தில் அளந்த நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் அந்த வரம்பு கிடைக்கும். 18 அடிப் படகுக்கு நீர்மட்ட நீளம் 16 அடி என்று கொண்டால் 5.36 நாட், அதாவது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். இந்த வேகத்துக்கு 6 எச்.பி. போதும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு எச்.பி.யும் படகின் பின்பக்கத்தை அமிழ்த்தி, முன்மூக்கைத் தூக்கி, அலையைத்தான் பெரிதாக்கும்.

எரிபொருளையும் பாருங்கள். கார்புரேட்டர் வைத்த பழைய முறை டூ ஸ்ட்ரோக்கில், உள்ளே வரும் கலவையில் கால்வாசி வரை எரியாமலேயே புகைக்குழாய் வழியாக வெளியேறிவிடும். அந்தப் பெட்ரோலும் ஆயிலும் போய்ச் சேருமிடம் நீங்கள் மீன் பிடிக்கும் தண்ணீர். முழு விசையில் 8 எச்.பி. டூ ஸ்ட்ரோக் மணிக்கு 4 லிட்டரை நெருங்கும், 6 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டரை லிட்டருக்குள் நிற்கும். எடையிலும் வேறுபாடு இல்லை. ஒற்றை சிலிண்டர் 6 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக்கும் 8 எச்.பி. டூ ஸ்ட்ரோக்கும் 25 முதல் 27 கிலோவுக்குள் அடங்கும். 9.9 ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 40 கிலோவைத் தொட்டுவிடும்.

பென்னாகரம் பட்டறை:
சூத்திரம் சரிதான் ஐயா. ஆனால் அது அகலமான படகுக்கும் கப்பலுக்கும் பொருந்துவது போல, கடலோரத்து ஒடுங்கிய ஃபைபர் படகுக்கு அப்படியே பொருந்தாது. நீளத்துக்கு ஏற்ற அகலம் இல்லாத படகு அந்த வரம்பைத் தாண்டி ஓடுவதைக் கடலோரத்தில் தினமும் பார்க்கலாம். இரண்டாவதாக, உங்கள் கணக்கில் காற்று எங்கே? ஆடி மாதத்தில் நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் நடுவே மேல்காற்று அடிக்கும்போது நீங்கள் வந்து பார்க்க வேண்டும். கரையில் நிற்பவனுக்குக் குளம் போலத் தெரியும் தண்ணீர், நடுவில் படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். கர்நாடகத்தில் மழை பெய்து காவிரியில் வெள்ளம் இறங்கும் நாட்களில் மேல்பகுதியில் நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் கையிருப்பாக விசை வேண்டும். உங்கள் ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் தூண்டில் போடுகிறவர்களின் அனுபவத்தை வைத்து மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு மோட்டார் சொல்லக் கூடாது.

ஓசூர் பொறியாளர்:
கெலவரப்பள்ளியைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் எந்தப் பெட்ரோல் எஞ்சினும் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவுக்கு விசையை இழக்கும். மேட்டூர் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போதே 790 அடி உயரம்தான். அங்கே இந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல.

ஒடுங்கிய படகு பற்றிச் சொன்னது வெறும் படகுக்குச் சரி. ஐஸ் பெட்டியும் மீனும் ஏறிய பிறகு அதே படகு ஆழமாக அமிழ்ந்து வரம்புக்குள் வந்துவிடும். கையிருப்பு விசை வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் எதிர்காற்றில் படகைத் தள்ளுவது புரொப்பல்லரின் உந்துதல். பெட்டியில் ஒட்டியிருக்கும் எச்.பி. எண் அல்ல. 5000 சுற்றில் ஓடும் எஞ்சின், கியரில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்றாகக் குறைந்து, 8 அங்குலப் பிட்ச் உள்ள, அதாவது ஒரு சுற்றுக்கு 8 அங்குலம் முன்னேற வேண்டிய புரொப்பல்லரைச் சுழற்றினால், வழுக்கலே இல்லாத நிலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போக வேண்டும். 10 கிலோமீட்டருக்கு மேல் போகாத படகில் அந்த பிட்ச் எதற்கு? எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்ட முடியாமல் திணறும், விசை வீணாகும். பிட்ச் குறைந்த, இறக்கை அகன்ற புரொப்பல்லரைக் கேட்டு வாங்கி மாட்டினால் 6 எச்.பி.யே பாரத்தோடு காற்றை எதிர்த்து வரும். மோட்டாரோடு பெட்டியில் வரும் புரொப்பல்லர் பெரும்பாலும் இலேசான படகுக்கானது. பாரப் படகுக்காரர்கள் அதை மாற்றாமல் எச்.பி.யை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

கிருஷ்ணகிரி சோலார்:
மின்சார அவுட்போர்டை ஒருவரும் பேசவில்லையே? சத்தமில்லை, புகையில்லை, வலைக்குப் பக்கத்தில் மெதுவாக நகர்த்துவதற்கு அதைவிட ஏற்றது கிடையாது.

பென்னாகரம் பட்டறை:
8 எச்.பி. என்றால் ஏறக்குறைய 6 கிலோவாட். நீங்கள் சொல்லும் சிறிய வகை 1 கிலோவாட், அதோடு வரும் பேட்டரி ஏறத்தாழ 1.3 கிலோவாட் மணி. முழு விசையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். பிறகு காற்றடிக்கும் தண்ணீரில் மூன்று பேரும் துடுப்பை எடுக்க வேண்டியதுதான்.

கிருஷ்ணகிரி சோலார்:
முழு விசையில் ஓட்டினால்தான் அந்தக் கணக்கு. வேகத்தை வரம்பின் பத்தில் ஆறு பங்காகக் குறைத்தால் தேவைப்படும் விசை ஐந்தில் ஒன்றாக இறங்கிவிடும். அதே பேட்டரி பல மணி நேரம் நிற்கும். ஆனாலும் ஆடிக் காற்றில் இதை மட்டும் நம்பி நடுத்தண்ணீருக்குப் போகச் சொல்ல மாட்டேன். கிருஷ்ணகிரி அணையில் ஒரு சின்னப் படகுக்கு என்றால் இன்னும் அழுத்திப் பேசியிருப்பேன்.

கடலூர்க்காரன், இப்போது தர்மபுரியில்:
இருவரும் எச்.பி.யைப் பற்றியே பேசுகிறீர்கள். டேங்கில் என்ன ஊற்றப் போகிறார் என்று ஏன் கேட்கவில்லை? 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. அவுட்போர்டு நிறுவனங்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 விழுக்காடு வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டூ ஸ்ட்ரோக்கில் இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அந்த அடி அடுக்கில் நீங்கள் கலந்த ஆயில் போதுமான அளவு இருக்காது. மசகு இல்லாமல் ஓடும் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கடற்கரையில் மானிய மண்ணெண்ணெய் கிடைப்பதால், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மோட்டாரோடு எங்கள் ஆட்கள் ஓரளவு தப்பிக்கிறார்கள். இங்கே அந்த வழி இல்லை.

எந்த மோட்டார் எடுத்தாலும் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். கரைக்கு வந்ததும் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

பென்னாகரம் பட்டறை:
கடலூர்க்காரர் சொன்னது உண்மை, ஆனால் அது ஃபோர் ஸ்ட்ரோக்குக்குச் சாதகமாகிவிடாது. சிறிய ஃபோர் ஸ்ட்ரோக்கின் கார்புரேட்டரில், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் துளையான மெதுவோட்ட ஜெட் ஊசிமுனை அளவுக்கு நுண்ணியது. எத்தனால் பெட்ரோல் காய்ந்து படிந்தால் முதலில் அடைபடுவது அதுதான். காலையில் மோட்டார் கிளம்பும், கயிற்றை விட்டதும் அணைந்துவிடும்.

இன்னொன்று. அணையின் நீர்மட்டம் முழு அளவான 120 அடியிலிருந்து இறங்கும் மாதங்களில் தண்ணீர் விலகிக்கொண்டே போகும். வெடித்துக் கிடக்கும் வண்டலின் மேல் மோட்டாரைத் தோளில் வைத்துக் கரையேற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக்கை எப்படிப் போட்டாலும் கேள்வியில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கையேட்டில் காட்டிய பக்கமாகப் படுக்க வைக்காவிட்டால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

ஓசூர் பொறியாளர்:
படுக்க வைக்கும் பக்கத்தில் பெயின்டால் ஒரு குறி போட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஏரியூர் நண்பரிடம் ஒரு கேள்வி: படகின் பின்பலகை, மோட்டாரை மாட்டும் விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை எத்தனை அங்குலம்? இதைச் சொல்லாமல் நாம் பேசுவதெல்லாம் அந்தரத்தில் நிற்கிறது.

ஏரியூர் வாசி:
இன்று போய் அளந்தேன். பலகையின் முழு உயரம் 20 அங்குலத்துக்கு ஒரு நூல் கூடுதல். ஆனால் பழைய மோட்டார் எட்டவில்லை என்று நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பலகையை அறுத்திருக்கிறார்கள். அங்கே 17 அங்குலம் இருக்கிறது. அறுத்த இடத்தில் ஃபைபர் பிரிந்து, உள்ளே இருக்கும் மரம் கறுத்து ஊறியிருக்கிறது. பழைய மோட்டார் 15 அங்குல ஷாஃப்ட், அதாவது பலகையில் மாட்டும் இடத்திலிருந்து கீழே இறங்கும் கால் 15 அங்குலம்.

ஓசூர் பொறியாளர்:
இதைத்தான் தேடினேன். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். 17 அங்குலப் பலகையில் 15 அங்குல ஷாஃப்டை மாட்டினால் அந்தத் தகடு அடிமட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும். அலையில் பின்பக்கம் தூக்கும்போதெல்லாம் புரொப்பல்லர் மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுழலும். மோட்டார் இரைந்தது, படகு நகரவில்லை என்று நீங்கள் முதலில் சொன்னதன் பொருள் இதுதான். அந்தப் பலகையில் 15 எச்.பி. ஷார்ட் ஷாஃப்ட் மாட்டியிருந்தாலும் இரைச்சல்தான் கூடியிருக்கும்.

பென்னாகரம் பட்டறை:
ஷாஃப்ட் விஷயத்தில் எதிர்ப்பேச்சு இல்லை. ஊறிய மரத்தை வெட்டி எடுத்துவிட்டு, புது மரம் வைத்து ஃபைபர் போட்டுப் பலகையை 20 அங்குலத்துக்கு நேராக்குங்கள், 20 அங்குல லாங் ஷாஃப்ட் வாங்குங்கள். அறுத்த பள்ளம் வழியாகப் பின் அலை உள்ளே வருவதும் நிற்கும். ஆனால் லாங் ஷாஃப்ட் கீழே ஐந்து அங்குலம் கூடுதலாகத் தொங்கும் என்பதை மறக்காதீர்கள். நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவற்றைப் போல அடையாளம் இல்லாத மரக்கட்டையும் இடிந்த சுவரும் தண்ணீருக்குள் எத்தனையோ கிடக்கின்றன. மாற்றுப் புரொப்பல்லர் ஒன்று, அதன் பூட்டுப் பின், ஒரு ஸ்பேனர் மூன்றும் படகில் இல்லாமல் போகாதீர்கள்.

எச்.பி.யில் என் சொல் அதேதான். ஆறு போதாது.

கடலூர்க்காரன், இப்போது தர்மபுரியில்:
புதிய மோட்டாரில் துருவைத் தாங்குவதற்காகத் திருகியிருக்கும் சிறு உலோகக் கட்டியையும் பாருங்கள். கடலுக்கென்று துத்தநாகத்தில் வந்திருந்தால் நன்னீரில் அதன் மேல் ஆக்சைடு படிந்து வேலை செய்யாமல் போகும். அலுமினியம் அல்லது மக்னீசியம் கட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஏரியூர் வாசி:
பலகை வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். அப்பாவை 15லிருந்து இறக்கிவிட்டேன். ஆறா எட்டா என்பதில்தான் வீட்டிலும் இங்கே போலவே இரண்டு கட்சி.

பென்னாகரம் பட்டறை:
பலகை காய்ந்ததும் சொல்லுங்கள், ஓடுகிற நிலையில் 8 எச்.பி. டூ ஸ்ட்ரோக் லாங் ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டு வருகிறேன். ஓசூர் ஐயா தெரிந்தவரிடம் இரவல் வாங்கி 6 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கொண்டு வரட்டும். புளி மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றைக் கரை மரத்தில் கட்டி, அதிலிருந்து படகின் முன்பக்கத்துக்குக் கயிறு போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி முழு விசையில் இழுக்க விடுவோம். எது எத்தனை கிலோ இழுக்கிறது என்று தராசே சொல்லிவிடும்.

ஓசூர் பொறியாளர்:
வருகிறேன். நான் கொண்டுவரும் மோட்டாரில் பிட்ச் குறைந்த புரொப்பல்லர்தான் இருக்கும். நீங்களும் உங்களுடையதற்கு ஏற்றதை மாட்டிக்கொள்ளுங்கள். கட்டிப்போட்டு இழுப்பது ஓடும்போது கிடைக்கும் உந்துதலை முழுமையாகக் காட்டாது என்பதால், தராசுக்குப் பிறகு ஐஸ் பெட்டியில் தண்ணீரை நிரப்பி மூன்று பேரை ஏற்றி, காற்றுக்கு எதிராக ஒரே தூரத்தை இரண்டு மோட்டாரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். டேங்கில் ஊற்றுவதையும் மிஞ்சுவதையும் அளக்க லிட்டர் படியை ஏரியூர் நண்பர் வைத்திருக்கட்டும்.