நம்ம தெரு குரூப்: பள்ளம் தோண்டுறதுக்கு முன்னாடி

ஓட்டு வீட்டுப் பெரியப்பா: பக்கத்து மனையில தகரம் அடிச்சுட்டாங்க, பாத்தீங்களா? 18 மாடியாம். கீழே ரெண்டு தளம் பார்க்கிங்.

மூலைவீட்டு அக்கா: பாத்தேன் பெரியப்பா. ராத்திரி தூக்கமே வரல. இனிமே நம்ம முற்றத்துல சாயங்கால வெயிலே விழாது.

சிவில் தம்பி: எனக்கு வெயிலை விடப் பள்ளம்தான் பயம்க்கா. நம்மது எல்லாம் சுண்ணாம்புச் சுவர், ஆழமில்லாத கடைக்கால். அவங்க பார்க்கிங்குக்காகத் தோண்டித் தண்ணியை இறைச்சா, சுத்தி இருக்கிற மண்ணு இறுகி உக்காரும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உக்காந்தாப் பரவாயில்ல. ஒரு மூலை மட்டும் இறங்கினா சுவர் பிளக்கும்.

மாடிவீட்டு அண்ணன்: ஒண்ணு சொல்லிடறேன். என் பொண்ணு அதுல 9வது மாடியில வீடு புக் பண்ணியிருக்கா. இந்தத் தெருவை விட்டுப் போக மனசில்லாமதான்.

ஓட்டு வீட்டுப் பெரியப்பா: அதுல என்னப்பா தப்பு? அவ இங்கயே இருந்தா நமக்கும் சந்தோஷம்தான்.

டீச்சரம்மா: உயரத்தையும் விட்டுடக் கூடாது. உயரக் கட்டடத் திட்டங்களாலதான் 2017ல வியன்னா பழைய நகரத்தை, ஆபத்துல இருக்கிற உலகப் பாரம்பரிய இடங்களோட பட்டியல்ல யுனெஸ்கோ சேர்த்துது. 2021ல லிவர்பூலைப் பாரம்பரியப் பட்டியல்லேர்ந்தே எடுத்துட்டாங்க.

ஓட்டு வீட்டுப் பெரியப்பா: நம்ம தெரு எந்தப் பட்டியல்லயும் இல்லையேம்மா.

டீச்சரம்மா: அதனாலதான் ஐயா, நாமளே பாத்துக்கணும்.

சிவில் தம்பி: இந்த வாரமே ஆரம்பிப்போம். இப்போ இருக்கிற விரிசல் எல்லாத்தையும் பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க, தேதி தெரியணும். பெரிய விரிசலுக்குக் குறுக்கே மெல்லிசான கண்ணாடித் துண்டு ஒட்டுங்க, ரெண்டு ஓரமும் நல்லாப் பிடிக்கணும். சுவர் அசைஞ்சா கண்ணாடி உடைஞ்சுடும். தயவுசெஞ்சு சிமெண்ட் பூசி மறைச்சுடாதீங்க. சுண்ணாம்புச் சுவர்ல அது ஈரத்தை உள்ளயே அடைச்சுடும்.

மூலைவீட்டு அக்கா: எங்க கிணத்துத் தண்ணியையும் அளக்கவா?

சிவில் தம்பி: கண்டிப்பாக்கா! மண்ணுக்குள்ள நடக்குறதை முதல்ல சொல்றது கிணறுதான். தினமும் ஒரே நேரத்துல அளங்க.

ஓட்டு வீட்டுப் பெரியப்பா: கட்டுறவங்ககிட்ட என்ன கேக்கணும்?

சிவில் தம்பி: பைலை, அதாவது கடைக்காலுக்கு மண்ணுக்குள்ள ஆழமா இறக்குற தூணை, அடிச்சு இறக்க வேண்டாம், துளை போட்டு கான்கிரீட் ஊத்தட்டும். அதிர்வு ரொம்பக் குறையும். பள்ளத்தைச் சுத்தித் தண்ணி கசியாத தடுப்புச் சுவர் வேணும். முக்கியமா, தோண்டுறதுக்கு முன்னாடி அவங்க பொறியாளர் ஒவ்வொரு வீடா வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும்.

மாடிவீட்டு அண்ணன்: வீடு வாங்கினவங்க குரூப்லயும் இதைப் போடுறேன்னு பொண்ணு சொல்றா. அவங்க கேட்டா காதுல விழும்.

மூலைவீட்டு அக்கா: 📷 வடக்குச் சுவர், ஜன்னலுக்கு மேல.

சிவில் தம்பி: ஸ்கேல் தெரியலக்கா. வெளிச்சத்துல இன்னொண்ணு எடுங்க.