புதுப்பிப்பு: காரில் இரண்டு ஆம்ப், வயரிங் முடிந்தது, இரைச்சலும் போனது

கதவு ஸ்பீக்கர்களுக்கு நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் பெட்டி), சப்வூஃபருக்கு (கனமான பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) மோனோ, அதாவது ஒரே சேனல் ஆம்ப், இரண்டுக்கும் பேட்டரியிலிருந்து தனித்தனி வயர் இழுப்பதா, ஒரே வயரா, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறுகிற அந்த ‘ஙொய்’ சத்தம் எதனால் என்று முன்பு கேட்டிருந்தேன்.

ஒரே வயர்தான் சரி. சுத்தச் செம்பில் 0 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்), பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 150 ஆம்பியர் ஃபியூஸ், டிக்கியில் ஃபியூஸ் வைத்த டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் (ஒரு வயரைப் பலதாகப் பிரிக்கும் பெட்டி), அங்கிருந்து ஒவ்வொரு ஆம்புக்கும் தனியாக ஒரு 4 கேஜ் வயர். மெயின் ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்பை அல்ல, வயரை. ஃபியூஸ் இல்லாத வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் வண்டியே தீப்பிடிக்கும், தயவுசெய்து இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

சத்தத்துக்குக் காரணம் கிரவுண்ட், அதாவது ஆம்பின் நெகட்டிவ் வயரை வண்டி பாடியோடு இணைக்கும் இடம். கடையில் ஒரு ஆம்பின் கிரவுண்ட் வயரை சீட் போல்ட்டிலும் மற்றதன் வயரை வேறெங்கோவும் முடுக்கியிருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரிந்த ஒரே இடத்தில் இரண்டையும் இறுக்கினேன், இரைச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 0.1 வோல்ட்கூட இல்லை.

அப்புறம் ரிமோட் வயர், ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்பையும் ஆன் செய்யும் வயர். ஸ்டீரியோவின் நீல-வெள்ளை வயர் தரும் கரண்ட் குறைவு என்பதால் நடுவில் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் ஸ்விட்ச்) போட்டேன். அதன் பின் நம்பர்கள்படி: 85-ல் அந்த வயர், 86 கிரவுண்ட், 30-ல் சின்ன ஃபியூஸோடு பேட்டரி, 87 இரண்டு ஆம்புக்கும்.

அடுத்தது கெயின், உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற செட்டிங். ஆசிலோஸ்கோப் (சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) இல்லாமல் செட் செய்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.