கொலராடோவில் மனைப்பிரிவுக்கு நகரம் கேட்கும் நீர் உரிமை: எதை, என்ன கணக்கில் ஏற்பார்கள்?

வரப்போரம் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லேரிமர் கவுன்ட்டியில் 40 ஏக்கர் பாசன நிலத்தை 60 தனி வீடுகளும் 3 ஏக்கர் பூங்காவுமாகப் பிரிக்கும் வேலை. நகர எல்லைக்குள் நிலத்தைச் சேர்த்துக்கொள்ளும்போதே நகரம் தண்ணீரையும் கேட்கிறது: வீட்டுக்கு ஆண்டுக்கு 0.5 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் 1 ஏக்கர்-அடி), பூங்காவுக்கு ஏக்கருக்கு 2.5 ஏக்கர்-அடி. மொத்தம் 37.5. நீர் உரிமையாகத் தரலாம், அல்லது ஈடாகப் பணம் கட்டலாம்.

நிலத்தோடு வருபவை மூன்று: ஒரு வாய்க்கால் கம்பெனியின் 4 ஷேர் (வாய்க்கால் நீரில் பங்கு; ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைமதகில் சராசரியாக ஆண்டுக்கு 100 ஏக்கர்-அடி எடுப்பதாக விற்பவர் சொல்கிறார்), கொலராடோ-பிக் தாம்ஸன் திட்டத்தின் 30 யூனிட், ஒரு பழைய பாசனக் கிணறு. 100-ம் 30-ம் சேர்ந்தால் 130. தேவை 37.5 மட்டும். தாராளமாகப் போதும் என்பது டெவலப்பர் கணக்கு. நகரத்தின் நீர்ப்பிரிவில் பேசினால் "போதாமல் போகலாம்" என்கிறார்கள். எங்கே இடிக்கிறது?

தலைமதகு பதில்:

இடிப்பது 100 என்ற எண்ணில்தான். அது வாய்க்காலுக்குள் எடுத்த நீர். நகரத்துக்குக் கைமாறக்கூடியது பயிர் குடித்த நீர் மட்டும்.

கொலராடோவில் நீர் உரிமை என்பது முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கு முதல் உரிமை என்ற முறை. பாசனத்துக்கென்று வாங்கிய உரிமையைக் குடிநீருக்கு மாற்ற வேண்டுமானால் நீர் நீதிமன்றம் போக வேண்டும் (மாநிலத்தில் 7 நீர்க் கோட்டங்கள், 1969 சட்டப்படி, உங்கள் பகுதி 1-ஆம் கோட்டம், நீதிமன்றம் கிரீலியில்). மாற்றத்தால் ஆற்றில் மற்ற உரிமைக்காரர் யாருக்கும் நட்டம் வரக்கூடாது. நிலத்தில் பாய்ச்சியதில் ஒரு பகுதி வடிநீராகவும் கசிவுநீராகவும் ஆற்றுக்குத் திரும்பி, கீழே உள்ளவர் அதை நம்பித்தான் எடுத்துவந்தார். அதை நகரம் விழுங்க முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கு. தலைமதகில் 100. வாய்க்காலில் கசிவு 20% என்றால் வயலுக்கு வருவது 80. வயலில் பாசனத் திறன் 60% என்றால் பயிர் குடித்தது 48. மீதி 52 பல வழிகளில் திரும்பியது. நகரத்துக்குக் கணக்கில் வருவது அந்த 48, அதுவும் சராசரி ஆண்டில். உங்கள் 40 ஏக்கருக்கு அது ஏக்கருக்கு 1.2 ஏக்கர்-அடி. பொறியாளர் தட்பவெப்பப் பதிவு, பயிர் வகை, பழைய வான்வழிப் படங்கள், கம்பெனியின் மதகுக் குறிப்பேடு எல்லாவற்றையும் வைத்துப் பல பத்தாண்டுகளுக்கு மாதம் மாதமாகப் போடும்போது இது ஏறலாம், இறங்கலாம். ஆனால் 100 ஆகவே ஆகாது.

அடுத்து வறட்சி. நகரம் தண்ணீர் தர வேண்டியது 2002 போன்ற கடும் வறட்சி ஆண்டிலும்தான். உங்கள் வாய்க்காலின் முன்னுரிமைத் தேதி இளையது (மற்றவர்களுக்குப் பிந்தையது) என்றால் அப்படிப்பட்ட ஆண்டில் ஜூலையிலேயே மதகு மூடப்படும். அப்போது அந்த 48 என்பது 25 ஆகவும் ஆகலாம். வறண்ட ஆண்டின் வரத்தை வைத்து வரவு (கேட்ட நீரில் கழித்துக்கொள்ளும் அளவு) தரும் நகரங்கள் உண்டு. சராசரியை வைத்துத் தந்துவிட்டு, தனியாக ஒரு சேமிப்புக் கட்டணம் கேட்கும் நகரங்களும் உண்டு. பக்கத்து லவ்லண்ட் இரண்டாவது வழி. இது நியாயமான கட்டணம் என்பது என் கருத்து. வாய்க்கால் நீர் மே முதல் செப்டம்பர் வரை வரும். வீட்டுக்குழாய் ஜனவரியிலும் திறக்கும். நடுவில் ஏரி ஒன்று வேண்டும், அதற்குச் செலவு உண்டு.

கசிவுநீர்க் கடனையும் மறக்காதீர்கள். வயலில் பூமிக்குள் இறங்கிய நீர் ஆற்றைச் சேர மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள் ஆகும். பாசனத்தை நிறுத்திய பிறகும் அதே காலத்தில், அதே இடத்தில், அதே அளவில் நகரம் ஆற்றுக்கு நீர் விட வேண்டும், குளிர்காலத்திலும். வாய்க்கால் நீரைக் கையில் வைத்திருந்தும் சேமிக்க இடமில்லாத சிறிய நகரங்கள் இந்த ஷேர்களை வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது கொலராடோ-பிக் தாம்ஸன் திட்டத்தின் உங்கள் 30 யூனிட். இது வேறு வகை. மேற்குச் சரிவின் நீர் ராக்கி மலைக்கு அடியில் 13 மைல் நீள ஆடம்ஸ் சுரங்கம் வழியே கிழக்கே வருகிறது. மொத்தம் 3,10,000 யூனிட். ஒரு யூனிட் அதிகபட்சம் 1 ஏக்கர்-அடி. உண்மையில் எத்தனை என்பதை இந்தத் திட்டநீரைப் பங்கிடும் நார்தர்ன் வாட்டர் வாரியம் ஒவ்வோர் ஏப்ரலிலும் பனி இருப்பையும் ஏரி இருப்பையும் பார்த்து விகிதமாக அறிவிக்கும். நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 70%. மண்ணில் மழை குறையும்போது விகிதத்தை ஏற்றுவார்கள், அதனால் வறட்சியில் இது கைகொடுக்கும். கைமாற்ற நீர் நீதிமன்றம் வேண்டாம், வாரியத்தின் ஒப்புதல் போதும். நகரங்கள் முதலில் கேட்பது இதைத்தான். விலை ஏறியதும் இதனால்தான்: 1990-களின் தொடக்கத்தில் ஓரிரு ஆயிரம் டாலருக்கு விற்ற யூனிட், 2021-ல் 50,000-ஐத் தாண்டிவிட்டது.

நகரம் ஒரு யூனிட்டை எவ்வளவாக எண்ணுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். 1.0 என்றால் உங்களுக்கு 30, 0.7 என்றால் 21, 0.5 என்றால் 15. 0.7 என்றே வைத்தால் மீதி 16.5. அதை அந்த 4 ஷேரில் இருந்து காட்ட வேண்டும். 130 என்று தொடங்கிய கணக்கு இங்கே வந்து நிற்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

வில்லங்கம்_பார்ப்பவர் பதில்:

மேலே சொன்னது நீர்க்கணக்கு. பத்திரக்கணக்கில் தடுக்கி விழுபவர்கள் இன்னும் அதிகம்.

வாய்க்கால் ஷேர் ஒரு சான்றிதழ்த் தாள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கும், வாரிசு மாற்றம் நடந்திருக்காது. அல்லது தாள் பண்ணைக்கடன் கொடுத்த வங்கியின் பெட்டகத்தில் இருக்கும். தொலைந்திருந்தால் மாற்றுத்தாள் வாங்கச் சட்டத்தில் வழி உண்டு. விளம்பரம், காத்திருப்பு என்று மாதங்கள் போகும். கம்பெனிச் செயலரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: பதிவேட்டில் உள்ள உரிமையாளர் யார், ஆண்டுத் தீர்வை பாக்கி உண்டா, அடமானக் குறிப்பு உண்டா, தண்ணீரை வாய்க்காலுக்கு வெளியே மாற்ற இயக்குநர் குழு ஒப்புதல் வேண்டும் என்று விதி இருக்கிறதா. அப்படி விதி இருந்தால் அது செல்லும். 1982-லேயே ஃபோர்ட் லயன், கேட்லின் கால்வாய் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒப்புதல் தரும்போது கம்பெனி வைக்கும் நிபந்தனை பெரும்பாலும் கசிவு பற்றியதாக இருக்கும். நான்கு ஷேரின் நீர் வாய்க்காலில் ஓடாவிட்டால், மிச்சமிருக்கும் விவசாயிகளின் நீர்தான் மொத்தக் கசிவையும் சுமக்கும். எனவே "உங்கள் பங்குக் கசிவை வாய்க்காலிலேயே விட்டுச் செல்லுங்கள்" என்பார்கள். நியாயமான கோரிக்கை, கணக்கில் முன்கூட்டியே சேருங்கள்.

அடுத்தது தரிசு உடன்படிக்கை. தண்ணீரை எடுத்துவிட்ட நிலத்தில் இனிமேல் பாசனம் இல்லை என்று நிலத்தோடு ஒட்டிய எழுத்து. கவுன்ட்டி பதிவகத்தில் பதிவாகும். உங்கள் நிலத்தில் வீடு வந்துவிடுவதால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும். ஆனால் பற்றாக்குறைக்கு வெளியே இன்னொரு பண்ணையில் இருந்து ஷேர் வாங்கினால், அந்தப் பண்ணையும் தரிசாக வேண்டும். விற்பவர் பணம் வாங்கும் அன்றே கையெழுத்திட வேண்டும், பிறகு பிடிக்க முடியாது. அந்தப் பண்ணை மேல் பழைய அடமானம் இருந்தால் வங்கியும் தன் உரிமை உடன்படிக்கைக்குப் பின்னால்தான் என்று எழுதித்தர வேண்டும். இல்லாவிட்டால் வங்கி நிலத்தை ஏலம் விடும் நாளில் உடன்படிக்கை அழிந்துபோகும், நகரத்தின் நீர்க்கணக்கில் ஓட்டை விழும். நகர வழக்கறிஞர் இதைப் பார்க்காமல் விடமாட்டார். வேர் ஆழமாக இறங்கும் ஆல்ஃபால்ஃபா (குதிரைமசால் தீவனம்) இருந்த வயல் என்றால் பயிரை முழுவதும் அழிக்கச் சொல்வார்கள். பாசனத்தை நிறுத்தினாலும் அது நிலத்தடி நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

யூனிட்டுக்கும் ஒரு எச்சரிக்கை. டெவலப்பர் தன் பெயரில் வாங்கி, விலை ஏறட்டும் என்று வைத்திருக்க முடியாது. ஊக வணிகத்துக்கு நார்தர்ன் வாட்டர் இடம் தராது. விவசாயியிடமிருந்து நேரே நகரத்தின் கணக்குக்கு மாற்றி, டெவலப்பருக்கு வரவு எழுதுவதுதான் வழக்கம். ஆகவே நிலக்கிரயத்துக்கு முன்பே நகரத்தோடு வரவு ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும்.

வரப்போரம்:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு. அந்தப் பாசனக் கிணற்றுக்கு வரவு கிடைக்குமா? ஷேர்களை நகரத்துக்குத் தராமல், பூங்காவுக்கும் வீட்டுப் புல்வெளிக்கும் சுத்திகரிக்காத நீராகவே வாய்க்காலில் இருந்து ஓட்டினால் குடிநீர்த் தேவை குறையுமே?

ஈட்டுநீர் பதில்:

கிணறு: பெரும்பாலும் கிடைக்காது. ஆற்றோரப் படிவில் இருக்கும் கிணறு சட்டப்படி ஆற்றைச் சேர்ந்தது. இறைத்தால் ஆறு குறையும். முன்னுரிமைக்காரருக்கு ஈட்டு நீர் (குறைந்ததற்கு ஈடாக ஆற்றில் விடும் நீர்) தரும் திட்டம் இல்லாமல் இறைக்க முடியாது. ஈட்டு நீர் இல்லாததால் 2006-ல் சவுத் பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான பாசனக் கிணறுகள் நிறுத்தப்பட்டன. உங்கள் கிணறு யாருடைய ஈட்டுநீர்த் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எதிலும் இல்லை என்றால் முறைப்படி மூடும் செலவைத்தான் திட்டத்தில் எழுத வேண்டும்.

டென்வருக்குத் தெற்கே காசில் ராக், பார்க்கர் பக்கம் கதை வேறு. அங்கே டாசன், டென்வர், அரபஹோ, லாரமி-ஃபாக்ஸ் ஹில்ஸ் என்ற ஆழ்நீர் அடுக்குகள். நிலத்துக்கு அடியில் உள்ள நீர் நிலத்துக்காரருக்கு; 1985 சட்டப்படி ஆண்டுக்கு மொத்த இருப்பில் 1% எடுக்கலாம், அதாவது 100 ஆண்டுக் கணக்கு. நிலத்தைச் சேர்க்கும்போதே அந்த நீரைப் பத்திரமாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். எல் பாஸோ கவுன்ட்டி மனைப்பிரிவுக்கு 300 ஆண்டு என்று கேட்கிறது. அதே இருப்பில் ஆண்டுக்கு எடுக்கக்கூடியது மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணற்றின் வரத்தும் குறைவதைப் பார்த்தால் அந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது.

தனிக்குழாயில் வாய்க்கால் நீர்: நல்ல யோசனை, பல நகரங்கள் ஊக்கப்படுத்துகின்றன. உங்கள் கணக்கில் பூங்காவின் 7.5 முழுதும் குறையும். வீட்டின் 0.5-ல் பெரும்பகுதி வெளிப்புறப் புல்லுக்கானது என்பதால் அதையும் பேசிக் குறைக்கலாம். அதே நிலத்தில் பாசனமாகவே தொடர்ந்தால் நீதிமன்ற மாற்றம் தேவைப்படாமலும் போகலாம். உரிமையை வரையறுத்த நீதிமன்றத் தீர்ப்பாணையின் சொற்களை நீர்வழக்கறிஞர் படித்துச் சொல்ல வேண்டும். தவறு நடப்பது குளத்தில். வாய்க்கால் முறை வரும் நாளும் தெளிப்பான் ஓடும் இரவும் ஒன்றாக இருக்காது, எனவே ஒரு குளம் வெட்டுவார்கள். ஓடும் நீருக்கான உரிமையை 72 மணி நேரத்துக்கு மேல் தேக்கினால் அது சேமிப்பு என்று கோட்டப் பொறியாளர் எண்ணுவார். சேமிப்புக்குத் தனி உரிமை வேண்டும். குளத்தைச் சிறிதாகவும், அடி கசியாதபடியும், அளவுமானியோடும் அமையுங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் வாய்க்கால் வறண்டிருக்கும்போது புல்லுக்கு நீர் எங்கிருந்து என்று நகரம் கேட்கும். குடிநீர் இணைப்பை மாற்றாக வைத்தால் தேவைக்குறைப்பின் ஒரு பகுதியை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

தலைமதகு மீண்டும்:

கால அட்டவணையையும் சேர்த்துவிடுகிறேன், அதைப் பலர் கேட்காமலே விடுகிறார்கள்.

நீதிமன்ற மாற்ற மனுவை நகரம்தான் போடும், பல டெவலப்பர்களின் ஷேர்களைச் சேர்த்து ஒரே மனுவாக. மனு போட்ட மாதத்துக்கு அடுத்த இரண்டாவது மாதக் கடைசி வரை எவரும் எதிர்மனு போடலாம். பிறகு பேச்சுவார்த்தை, தேவையானால் விசாரணை. ஆண்டுகள் ஆகும். அதுவரை மாநிலப் பொறியாளரிடம் தற்காலிக மாற்றுநீர்த் திட்டம் வாங்கி ஓட்டலாம், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். தீர்ப்பில் 48-க்குப் பதில் 41 வந்தால் வித்தியாசம் யார் தலையில் என்பது உங்கள் வரவு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சில நகரங்கள் ஷேருக்கு நிலையான வரவு தந்து ஆபத்தைத் தாங்களே ஏற்கும். சில நகரங்கள் பற்றாக்குறையைப் பின்னாளில் பணமாகக் கேட்கும்.

எப்போது ஒப்படைப்பது என்பதும் பேசத்தக்கது: எல்லைச் சேர்ப்பின்போதா, இறுதி மனை வரைபடத்தின்போதா, வீடு வீடாகக் கட்டட அனுமதியின்போதா. கடைசி வழி பணப்புழக்கத்துக்கு நல்லது. ஆனால் ஈட்டுப்பணத்தை நகரம் யூனிட் சந்தை விலையோடு சேர்த்து ஏற்றிக்கொண்டே போகும். 60 வீடு கட்டி முடிக்க நான்காண்டு ஆனால் கடைசி 20 வீட்டுக்கு வேறு விலை. கையில் உள்ள 30 யூனிட்டை முதலில் கொடுத்து, முதல் கட்ட வீடுகளுக்கு வரவு எழுதி வாங்கிக்கொண்டு, ஷேர் தகராறை அதன்பிறகு பேசுவதே இந்த நிலத்துக்குப் பொருந்தும்.

ஈட்டுநீர்:

ஒரு சேர்க்கை. யூனிட் நீரை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். கழிவுநீராகத் திரும்பி வருவது நகரத்துக்குச் சொந்தமில்லை. மாற்றப்பட்ட ஷேரின் பயிர் குடித்த பகுதியைத் தீர்ப்பாணை அனுமதித்தால் தீரும்வரை மறுபயன்பாடு செய்யலாம். வீட்டுக்குள் புழங்கும் நீரில் ஏறத்தாழ 95% சாக்கடை வழியே திரும்பிவிடும் என்பதால், சுத்திகரிப்பு நிலையமும் சேமிப்பும் உள்ள நகரத்துக்கு உங்கள் 4 ஷேரின் உண்மை மதிப்பு அதன் ஏக்கர்-அடியை விட அதிகம். வரவு விகிதம் பேசப் போகும்போது நகரத்தின் மறுபயன்பாட்டுத் திட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.